கூலிக்காரன் வீட்டையும் சேர்க்கச் சொன்ன அமீனா

திங்கட்கிழமை காலை, முன்சீப் இன்னும் பெஞ்சுக்கு வரவில்லை. அன்றைக்குக் கொடுக்க வேண்டிய சம்மன்களை ஊர்வாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தேன். வக்கீல் குமாஸ்தா பொன்னையா சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு நேராக என்னிடம் வந்தார்.

"சம்சு, நம்ம பழைய அமீனா போயிட்டாக. மல்லாங்கிணத்துல, மக வீட்ல. விடியக்காலம் மூச்சு நின்னுருச்சாம்."

பதில் சொல்லவும் எனக்கு நேரமில்லை. டவாலி குரல் கொடுத்தான், எல்லோரும் எழுந்து நின்றோம். முதலில் கூப்பிட்டதே ஒரு வீட்டு ஏல மனு. சாத்தூர்ப் பக்கத்துத் தீப்பெட்டித் தொழிலாளி ஒருவருடைய ஓட்டு வீடு. ஒரு தவணை கேட்டார்கள், கிடைத்தது. சவரிமுத்து அண்ணாச்சி இறந்த நாளிலும் எங்கள் கோர்ட்டு அந்த வேலையைத்தான் பார்த்தது.

இதைப் படிப்பவர்களில், படிக்கக் கேட்பவர்களில் சிலர் அவர் கையால் வீட்டைவிட்டு வெளியே தள்ளப்பட்டவர்கள். சிலர் பின்னாளில் அவருடைய மனுவில் பெருவிரல் பதித்தவர்கள். இரண்டு கணக்கிலும் வருகிறவர்களும் இருக்கிறார்கள். யாரையும் சமாதானப்படுத்த இதை எழுதவில்லை. பன்னிரண்டு வருடம் அவரோடு சம்மன் பியூனாக அலைந்தவன் என்ற முறையில், நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டிய ஆள் நான்தான் என்று நினைக்கிறேன்.

அமீனா என்றால் கோர்ட்டின் கை. முன்சீப் தீர்ப்பை எழுதிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். அதை வாசலில் கொண்டுபோய் நிறுத்துகிறவர் அமீனா. சொத்தை ஜப்தி செய்வது, ஏலத்துக்குத் தமுக்கடிக்க வைப்பது, ஏலம் போன வீட்டைக் காலி செய்து எடுத்தவரிடம் ஒப்படைப்பது எல்லாம் அவர் பொறுப்பு. எங்கள் கோர்ட்டில் சவரிமுத்து அண்ணாச்சியைப்போல அதைச் சுருக்காக முடித்தவர் வேறு யாருமில்லை. அவர் பெயர் போட்ட வாரண்டு என்றால் வாதி வக்கீல்கள் நிம்மதியாகச் சாப்பிடப் போவார்கள்.

விருதுநகரில் ஒரு முறை, செக்கு ஓட்டுகிறவர் ஒருவருடைய வீட்டைக் காலி செய்யப் போனோம். உள்ளே தாழ் போட்டிருந்தார்கள். அண்ணாச்சி கடப்பாரையை வாங்கிக் கீலுக்கு அடியில் கொடுத்து ஒரே நெம்பாக நெம்பினார். கதவு விழுந்ததும் அந்த வீட்டு அம்மாள் கொதிக்கும் சோற்றுப் பானையை எங்கள் மேல் வீசினாள். கஞ்சி என் இடது தோளில் விழுந்தது. நான் வாசலில் உருண்டு கத்திக்கொண்டிருக்க, அவர் உள்ளே போய்ப் புருஷனைச் சட்டையோடு பிடித்துத் தெருவில் எறிந்தார், பாத்திரங்களை எறிந்தார், தொட்டில் கட்டியிருந்த சேலையைக் கத்தியால் அறுத்து எறிந்தார். அரை மணி நேரத்தில் வீடு காலி. திரும்பி வரும்போது என் தோளில் விளக்கெண்ணெய் தடவியபடி சொன்னார்:

"நீ அவ மூஞ்சியப் பாத்துக்கிட்டு நின்ன. அதான் மேல விழுந்துச்சு. கதவ மட்டும் பாரு சம்சு. மூஞ்சியப் பாத்தா இந்த வேல ஓடாது."

கொடூரமான மனிதர் இல்லை அவர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பூசைக்குப் போவார். லஞ்சம் வாங்கியதில்லை. உத்தரவு என்று வந்தபின் அதில் தனக்கு ஒரு பங்கு இருப்பதாக அவர் நினைக்கவில்லை, அவ்வளவுதான். அந்த நினைப்பை உடைத்தது தாயில்பட்டி.

கருப்பசாமி தாயில்பட்டியில் ஒரு சம்சாரி. உழுது பிழைக்கிறவரை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். வானம் பார்த்த கரிசல் கொஞ்சம் வைத்திருந்தார். பருத்தியும் கம்பும் போடுவார். தொடர்ந்து மழை இல்லாமல் போனதால் நிலத்தைத் தரிசாக விட்டுவிட்டுப் பட்டாசு ஆபீசுக்கு வெடிமருந்து சலிக்கப் போனார். விதைக்கும் மாட்டுக்கும் வாங்கிய கடனுக்குப் புரோநோட்டு வைத்திருந்த கமிஷன் கடைக்காரர் ஒருவர் வழக்குப் போட்டு டிக்ரி வாங்கினார். வீட்டை ஜப்தி செய்ய உத்தரவு வந்தது.

இங்கே ஒரு சட்டத்தைச் சொல்ல வேண்டும். உழவுத் தொழில் செய்கிறவர் குடியிருக்கும் வீட்டை இப்படிப்பட்ட கடனுக்கு ஜப்தி செய்யக் கூடாது. வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே அப்படித்தான் இருக்கிறது. ஆனால் கூலிக்காரன் வீட்டைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை. கருப்பசாமியின் வக்கீல் அந்தச் சட்டத்தைத்தான் பிடித்தார். "என் கட்சிக்காரர் சம்சாரி, வீட்டைத் தொட முடியாது" என்றார்.

எதிர்த்தரப்பு ஒரு காகிதத்தை எடுத்து நீட்டியது. ஜப்திக்குப் போன அன்று சவரிமுத்து அண்ணாச்சி எழுதிய ரிப்போர்ட்டு அது. "பிரதிவாதி வீட்டில் இல்லை. பட்டாசு கம்பெனியில் கூலி வேலையில் இருப்பதாக மனைவி சொன்னாள்." வழக்கமாக எழுதுகிற வரிதான். அந்த ஒரு வரியால் கருப்பசாமி சம்சாரி இல்லை என்று ஆனது. வீடு ஏலம் போனது. கடைக்காரரின் ஏஜெண்டே எடுத்தார்.

காலி செய்யப் போன அன்று வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. அண்ணாச்சி, நான், ஏஜெண்டு, ஏஜெண்டு கூட்டி வந்த நான்கு தடியர்கள். கருப்பசாமி வாசலில் நின்றார். வேட்டி முழுக்க மருந்துக் கறுப்பு. மனைவி முத்துமாரி பக்கத்தில் உரலைப் பிடித்தபடி நின்றாள். ஊர்ச்சனம் தள்ளி நின்று பார்த்தது.

"அமீனாய்யா, இந்த ஐப்பசி வரைக்கும் விடுங்க. மழ விழுந்தா வெதச்சிருவேன். நான் சம்சாரிதான்யா" என்றார்.

"அத கோர்ட்ல சொல்லிருக்கணும்ப்பா."

"சொன்னேன்யா. நீங்க எழுதுனதத்தான கோர்ட்டு நம்புச்சு."

பொறுமை இழந்த ஏஜெண்டு கையைக் காட்டினார். ஒருவன் கம்பால் கருப்பசாமியின் முழங்காலில் அடித்தான். அவர் மடங்கி உட்கார்ந்ததும் இன்னொருவன் முதுகில் போட்டான். கம்பு முறிகிற சத்தம் கேட்டது. முத்துமாரி பாய்ந்து ஒருவன் காதைக் கடித்தாள். அவன் அவள் கூந்தலைப் பிடித்து உரலில் மோதினான்.

"அடிக்காதீகலே! நிறுத்துங்கலே!" என்று அண்ணாச்சி நடுவில் விழுந்தார். அந்தக் குழப்பத்தில் கருப்பசாமி தவழ்ந்து வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அண்ணாச்சி கடப்பாரையைக் கேட்டார். பழக்கம் அது. இரண்டு அடி எடுத்து வைத்தவர் நின்றார். எனக்கும் அந்த வாடை வந்தது. அந்த ஊர்களில் பிழைக்கிற யாருக்கும் தெரிந்த வாடை. வெடிமருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வேட்டி மடியில் கொண்டு வந்து சேர்த்திருக்கிறார் மனிதர்.

"ஏலே கருப்பசாமி, வேண்டாம்ப்பா. நான் போயிருதேன். வெளிய வா" என்று அண்ணாச்சி கத்தினார். அவர் யாரிடமும் கெஞ்சி அதுவரை நான் கேட்டதில்லை.

தடியர்களில் ஒருவனுக்கு வாடை புரியவில்லையோ, வீறாப்போ, கதவைக் காலால் உதைத்தான்.

வெளிச்சத்தைத்தான் முதலில் பார்த்தேன், சத்தம் பிறகு. கதவு உதைத்தவனோடு சேர்ந்து தெருவுக்கு வந்தது. ஓடுகள் மேலே போய் எங்கள் மேல் கொட்டின. நான் எழுந்தபோது காதில் ஒன்றும் கேட்கவில்லை. கதவை உதைத்தவனுக்கு முகம் என்று ஒன்று இல்லை. ஏஜெண்டு மண்ணில் உட்கார்ந்து கண்ணைப் பொத்திக்கொண்டிருந்தார், விரல்களுக்கு இடையே ரத்தம் வழிந்தது. புகைக்குள்ளிருந்து அண்ணாச்சி வெளியே வந்தார். கருப்பசாமியைக் கக்கத்தில் கை கொடுத்து இழுத்துக்கொண்டு வந்தார். கருப்பசாமியின் உடம்பு எரிந்துகொண்டிருந்தது. அண்ணாச்சி வெறும் கையால் அந்த நெருப்பை அடித்தார். தோல் கையோடு ஒட்டிக்கொண்டு வந்தது. மறுபடி அடித்தார்.

கருப்பசாமி போய்விட்டது தெரிந்ததும் முத்துமாரி கதவின் உடைந்த சட்டம் ஒன்றை எடுத்து அண்ணாச்சியை அடித்தாள். தலையில், தோளில், எரிந்த கைமேல். நான் ஓடிப்போய் அவளைப் பிடித்தேன். காது கேட்காவிட்டாலும் அவர் வாயசைவு எனக்குப் புரிந்தது.

"விடு சம்சு. அடிக்கட்டும்."

நான் விட்டுவிட்டேன். அவர் மயங்கிச் சாயும் வரைக்கும் அவள் அடித்தாள்.

மிஷன் ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் கிடந்தார். இரண்டு கை விரல்களும் ஒன்றோடொன்று ஒட்டிக் குறுகிவிட்டன. முதல் நாள் நான் பார்க்கப் போனபோது வலியைப் பற்றிப் பேசவில்லை. அந்த ரிப்போர்ட்டு நகல் இருக்கிறதா என்று கேட்டார். மறுவாரம் எடுத்துப்போய் வாசித்துக் காட்டினேன். மறுபடி வாசிக்கச் சொன்னார். மூன்றாவது முறை கேட்டபோது, மருந்து கட்டிக்கொண்டிருந்த நர்சு, "போதும்யா, அவுகளுக்குக் காய்ச்சல் ஏறுது" என்று காகிதத்தைப் பிடுங்கி வைத்துவிட்டார்.

அதற்குள் அந்த இடத்தை வேறொரு அமீனா ஒப்படைத்து முடித்துவிட்டார். எதிர்க்க யாருமில்லை. நான்கு கரிச்சுவர்தான் இருந்தது. அந்த வாரண்டோடு போனவனும் நான்தான்.

வேலையை விட்ட பிறகு அண்ணாச்சி ஓய்ந்து உட்காருவார் என்று நினைத்தோம். ஆனால் வெம்பக்கோட்டைப் பக்கத்துச் சம்சாரி சின்னையா வீட்டுக்கு அதே மாதிரி ஜப்தி வந்தபோது, கூப்பிடாமலே வந்து "நான் சாட்சி சொல்லுதேன்" என்று நின்றார். சின்னையாவும் மழை பொய்த்துத் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனவர். அவரைப் பற்றிய ரிப்போர்ட்டும் அண்ணாச்சி வேலையின் கடைசி நாட்களில் எழுதியதுதான். கடைக்காரரும் அதே ஆள்.

கூண்டில் ஏறியவரை எதிர் வக்கீல் விடவில்லை.

"உங்க ரிப்போர்ட்டை நீங்களே பொய்னு சொல்றீங்களா?"

"பொய் இல்லய்யா. பாதிதான் எழுதுனேன். அவன் அன்னைக்கு எங்கன இருந்தான்னு எழுதுனேன். ஏன் அங்கன போனான்னு எழுதல. மழ பெஞ்சிருந்தா அவன் காட்லதான் இருந்திருப்பான்."

"இதைக் கண்டுபிடிக்க உங்களுக்கு இத்தனை வருஷமா?"

"ஆமாய்யா. ஒரு உசுரும் ஆச்சு. இல்ல, ரெண்டு. கதவ ஒதச்ச பயலும் கூலிக்கு வந்தவன்தான்."

முன்சீப் எழுதுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்.

அன்று மாலை, வெளிச்சம் இருக்கும்போதே, பஸ் ஸ்டாண்டில் ஆறேழு பேர் அவரை வளைத்தார்கள். நானும் கூட இருந்தேன். சைக்கிள் செயினால் முகத்தில் அடித்தார்கள். முன்பற்கள் கீழே விழுந்தன. கீழே தள்ளி விலாவில் மிதித்தார்கள். ஒருவன் அந்தச் சுருங்கிய வலது கையைக் கல்லின் மேல் வைத்துச் செருப்புக் காலால் நசுக்கினான். "இனிமே கூண்டுல ஏறுவியாலே?" என்று ஒவ்வொரு மிதிக்கும் கேட்டான். "ஏறுவேன்" என்று அவரும் ஒவ்வொரு மிதிக்கும் சொன்னார். நான் டீக்கடைத் தட்டிக்குப் பின்னால் நின்றேன். கத்தவும் இல்லை. இதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. அவருக்குத் தெரியும். ஒருநாளும் கேட்டதில்லை.

சின்னையா வழக்கில் முன்சீப் தீர்ப்புச் சொன்னார். நிலம் கையில் இருக்க, மழை இல்லாத காரணத்தால் கூலிக்குப் போகிறவர் சம்சாரி இல்லாமல் போய்விட மாட்டார் என்று எழுதினார். ஜப்தி ரத்தானது. சின்னையா கோர்ட்டு வாசலிலேயே அண்ணாச்சியின் காலில் விழப்போனார். அண்ணாச்சி தடுத்தார், ஆனால் சிரிக்கவில்லை.

"நெலம் இருக்கவன் தப்பிச்சான் சம்சு. நெலமே இல்லாதவன் வீடு? அவனுக்கு எந்தத் தீர்ப்பு? சட்டத்துல வார்த்தையே இல்லையே."

சர்க்காருக்கு எழுதிய மனு அப்படித்தான் பிறந்தது. அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். கேட்டது இரண்டுதான். உழவர் வீட்டைப்போலக் கூலிக்காரர் குடியிருக்கும் வீட்டையும் ஜப்தியிலிருந்து நீக்க வேண்டும். எந்த வீட்டையும் காலி செய்வதற்கு முன்னால் உள்ளே இருப்பவரை முன்சீப் நேரில் கூப்பிட்டு ஒரு முறை விசாரிக்க வேண்டும்.

பெருவிரல் வாங்க ஊர் ஊராகப் போனோம். பல ஊர்களில் அவரை அடையாளம் தெரிந்தவர்கள் இருந்தார்கள். ஓர் ஊரில் நாயை அவிழ்த்துவிட்டார்கள். இன்னோர் ஊரில், முன்பு எப்போதோ அவர் காலி செய்த வீட்டுக்காரர் அரிவாளைத் திருப்பிப் பிடித்து அவர் கழுத்தில் ஒரு போடு போட்டார், பிறகு அதே கையால் பெருவிரலை மையில் தொட்டு வைத்தார். முத்துமாரி அண்ணன் வீட்டில் தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். அண்ணாச்சியைக் கண்டதும் எழுந்து கல்லை எடுத்து எறிந்தாள். நெற்றி பிளந்து ரத்தம் கண்ணை மறைத்தது. அவர் துண்டால் துடைத்துக்கொண்டு, "மனு இங்கன இருக்கும்மா" என்று மண்ணில் வைத்துவிட்டுத் திரும்பினார்.

சின்னையா வழக்கின் சேதி அவள் காதுக்கும் போயிருக்க வேண்டும். ஒருநாள் கோர்ட்டு வேப்பமரத்தடிக்கு வந்தாள், கையில் அந்த மனு மடங்கிக் கசங்கிப்போய் இருந்தது. அண்ணாச்சியைப் பார்க்காமல் என்னிடம் பேசினாள்.

"மை எங்கன இருக்கு? இது இவனுக்காக இல்ல. இன்னொருத்தி வீட்டுக்காக."

விருதுநகருக்கு ஒரு சட்டசபை உறுப்பினர் வந்தபோது மூன்று பேரும் போனோம். அவர் மனுவைப் புரட்டிப் பார்த்து, "இது பெரிய சட்டம். டில்லி வரைக்கும் போகணும். சுலபமா மாத்த முடியாது" என்றார். அண்ணாச்சி வாயெடுப்பதற்குள் முத்துமாரி முன்னால் வந்தாள்.

"சம்சாரி வீடுன்னு எழுதிருக்காகள்ள, அதுக்குப் பக்கத்துல கூலிக்காரன் வீடுன்னும் எழுதுங்க. ஒரு வார்த்ததான்யா. அந்த ஒரு வார்த்த இல்லாமத்தான் எங்க வீட்டு ஆளு எரிஞ்சாரு. உங்களுக்கு எழுத மை இல்லைன்னா சொல்லுங்க, ரத்தம் தாரேன்."

அவர் மனுவை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். பிறகு வந்த கடிதத்தில் "பரிசீலனையில் உள்ளது" என்று இருந்தது. அடுத்த மனுவுக்கும் அதே பதில். 1974 ஆகியும் சட்டத்தில் அந்த வார்த்தை ஏறவில்லை.

அன்று திரும்பும் பஸ்ஸில் முத்துமாரி முன்வரிசையில் தனியாக உட்கார்ந்தாள். நானும் அண்ணாச்சியும் பின்னால். எனக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணாச்சி, இம்புட்டுத் தூரம் வந்தாச்சு. அந்தப் புள்ளகிட்ட ஒரு மன்னிப்புக் கேட்டிருங்களேன்."

அவர் வெளியே காய்ந்து கிடந்த காட்டைப் பார்த்தபடி சொன்னார்.

"கேட்டா அவ ஒரு பதில் சொல்லணும் சம்சு. மன்னிச்சேன்னு சொல்லணும், இல்லைன்னா மாட்டேன்னு சொல்லணும். ரெண்டும் அவளுக்குப் பாரம். இருக்கது பத்தாதுன்னு அதையும் நான் ஏத்தி வைக்கவா?"

அவர் அடக்கம் முடிந்த மறுநாள் நான் முத்துமாரியைத் தேடிப் போனேன். தீப்பெட்டி ஒட்டிக்கொண்டே கேட்டாள். கை நிற்கவில்லை. அழவும் இல்லை, ஏசவும் இல்லை. "மனு என்னாச்சு?" என்றாள்.

"இன்னும் ஒண்ணும் வரல தாயி."

"அப்போ இன்னொண்ணு எழுதுங்க. நீங்கதான எழுதுனீக இம்புட்டு நாளும்? எழுதத் தெரிஞ்ச ஆளு சாகலையே."

எத்தனையோ மனு எழுதியிருக்கிறேன், ஒன்றிலும் என் பெயர் கிடையாது. "ஒனக்கு உத்தியோகம் இருக்கு, புள்ளகுட்டி இருக்கு, ஒம் பேரு வேண்டாம்" என்று அண்ணாச்சி ஒவ்வொரு முறையும் சொல்லிவிடுவார். நானும் ஒவ்வொரு முறையும் சரி என்பேன். கோர்ட்டு ஊழியன் இப்படிப்பட்ட மனுவில் கையெழுத்துப் போட்டால் என்ன ஆகும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது, கீழே கிடந்து மிதிபட்டபோது அவர் சொன்னாரே, "ஏறுவேன்" என்ற அந்த ஒற்றைச் சொல்தான். இன்று காலை புதிய மனுவை எழுதி முடித்தேன். முத்துமாரியின் பெருவிரலுக்குக் கீழே என் பெயரை முழுதாக எழுதி, எந்தக் கோர்ட்டில் என்ன வேலை பார்க்கிறேன் என்பதையும் எழுதி, தபாலில் சேர்த்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.